விழித்திருக்கும் வரை

பேட்டரிக் குறி சிவந்துவிட்டது. சார்ஜரைக் காணவில்லை.

மச்சினன் அலமாரியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். அத்தை கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துத் தேடினாள். நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன்.

மேசைமேல் என் மனைவியின் மடிக்கணினி. திரையில் கடிகாரமும் கடவுச்சொல் கேட்கும் வெற்றுக் கட்டமும். அவள் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று விட்டுப்போனபடியே அணைக்காமல் வைத்திருந்தேன்.

உள்ளே அவள் கடைசி மாதத்தில் பேசிய குரல் பதிவுகள் இருக்கின்றன. காலொடிந்து கிடந்ததால் அப்போது வர முடியாத அத்தைக்கு, அவள் அம்மாவுக்கு, அவற்றைக் கேட்க வேண்டும்.

அந்தக் கோப்புகளைத் திறக்கும் சாவி கணினியின் வட்டில் எங்கும் எழுதப்படவில்லை. இயங்குதளத்தின் அடிமடியில், கெர்னலின் நினைவில் மட்டும் இருக்கிறது. கணினி விழித்திருக்கும் வரைதான் அதற்கு உயிர். அணைந்துவிட்டால், மறுபடி போட அவளுடைய கடவுச்சொல் வேண்டும். அது அவளோடு போயிற்று.

அப்படிப்பட்ட சாவிகளைக் காக்கும் நிரலை எழுதுவதுதான் அவள் வேலை. காரியம் முடிந்ததும் சாவி இருந்த இடத்தில் சுவடுகூட மிஞ்சக் கூடாது, அப்படித் துடைக்க வேண்டும் என்பாள். வீட்டில் மேசையைத் துடைக்கச் சொன்னால் மட்டும் காது கேட்காது.

அவளுடன் வேலை பார்த்தவர் வந்துகொண்டிருந்தார். கணினி உயிரோடிருந்தால் எப்படியாவது சாவியை எடுத்துவிடலாம் என்று போனில் சொல்லியிருந்தார்.

பக்கத்து வீட்டுச் சார்ஜர் பொருந்தவில்லை. மச்சினனுடையதும் பொருந்தவில்லை.

"இடிச்ச புளி மாதிரி உக்காந்திருக்கீங்களே மாமா! எந்திரிச்சுத் தேடுங்க!"

நான் எழவில்லை.

திரை கறுத்தது. உள்ளே சுற்றிக்கொண்டிருந்த விசிறி நின்றது.

மச்சினன் சுவரில் குத்தினான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வருகிறவரிடம் சொல்ல வாசலுக்குப் போனான்.

அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"விடுங்க மாப்பிள்ளை. வலியில்லாம தூக்கத்துலதானே போனா எம்பொண்ணு. எனக்கு அது போதும்."

"ஆமா அத்தை."

டாக்டருக்காக அவள் பேசிவைத்தவை அந்தக் குரல் பதிவுகள். வலி வரும்போதெல்லாம் எங்கே, எப்படி என்று சொல்லிவைப்பாள். பாதியில் சொல் நின்றுபோய் வெறும் சத்தம் மட்டும் வரும்.

'அம்மா காதுல விழவே கூடாது. நான் போனதும் அணைச்சுடு' என்று சொல்லியிருந்தாள்.

என்னால் முடியவில்லை. ஒவ்வொரு பதிவும் அவள் என்னைக் கூப்பிடுவதில்தான் தொடங்கும்.

அத்தை முகம் கழுவப் போனாள்.

எழுந்து, சோபா மெத்தையைத் தூக்கினேன். சார்ஜர் வயர் என் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.