படலையடிக் கேள்வி

“எப்ப பிள்ளை திரும்பி வருவாய்?”

பக்கத்து வீட்டு வாசலின் தகரப் படலைக்கு மேலாகத் தலையை நீட்டிக் கந்தப்பர் கேட்டார். அருள்மதி புத்தகப் பையோடு ஒழுங்கையில் இறங்கும் ஒவ்வொரு காலையும் அவர் அங்கே நிற்பார். ஒவ்வொரு காலையும் இதையே கேட்பார். எங்கே போகிறாய் என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

“சாயங்காலம்,” என்று நிலத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

நாகப்பட்டினத்தில் அவளுடைய அப்பாவும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதே கேள்வியைத்தான் கேட்பார். அதிலிருந்து தப்பவே வெளிநாட்டில் மேற்படிப்பு என்று அடம்பிடித்து, காங்கேசன்துறைக்குக் கப்பல் ஏறினாள். கூண்டிலிருந்து தப்பிய கிளி, களைத்துப்போய் இன்னொரு கூண்டின் மேல் இறங்கிய கதையாயிற்று.

கோப்பாய்க்கு வந்த நாள்முதல் களைப்புத்தான். தன் மொழியையே இரண்டாம் முறை கேட்டு விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கிணற்று நீரின் சுண்ணாம்பில் தலைமுடி நாராகிப் போனது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். ஆனால், மாலையில் சொன்ன நேரத்துக்குத் திரும்பும்போது தகரத்துக்குப் பின்னால் சங்கிலி ஒன்று கலகலக்கும்; அதைப் பொறுக்க முடியவில்லை. தான் வந்து சேர்ந்ததை உறுதிசெய்துகொண்டுதான் மனிதர் படலையைப் பூட்டுகிறார் என்று எண்ணினாள்.

“பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு வேற வேலையே இல்லையா அக்கா?” என்று வீட்டுக்காரி உதயகலாவிடம் ஒருநாள் கேட்டாள்.

“ஆர், கந்தப்பு அண்ணையோ? அந்தாள் ஊரிலை ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை. உம்மோடையாவது வாய் திறக்குதே, அது பெரிய காரியம்!” என்று உதயகலா சிரித்தாள்.

அருள்மதிக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் ஒருவரையும் கேட்காதவர் தன்னை மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

அடுத்த நாள் அவளுக்கு ஒரேயொரு வகுப்புத்தான் இருந்தது. இருந்தும் படலையடியில் கேள்வி எழுந்தபோது, “ராத்திரி ஆயிடும்,” என்று வேண்டுமென்றே பொய் சொன்னாள். சொன்னதும் மனம் சிறிது இலேசாயிற்று.

நடுப்பகலில் அவள் ஒழுங்கைக்குள் திரும்பியபோது, கந்தப்பர் வளவுக்குள்ளிருந்து ஓடிவந்தார். தலையில் சவர்க்கார நுரை. இடுப்பில் ஈரத் துண்டு. படலையை அறைந்து சாத்தி, அதில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றார். ஒரு கை முதுகுக்குப் பின்னால் படலையின் இடுக்கில் மறைந்திருந்தது.

“ராவைக்கு எண்டெல்லோ சொன்னனி! நில்லாதை, ஓடு! வீட்டுக்கை போ!”

கிழவரின் உடல் படலையோடு சேர்ந்து குலுங்கியது. இவ்வளவு ஆத்திரமா என்று அருள்மதி திகைத்தாள். இத்தனை நாள் அடக்கிய சலிப்பெல்லாம் வாய்க்கு வந்தது.

“ஆமா, பொய்தான் சொன்னேன்! என்னைக் காவல் காக்க நீங்க யாரு? இந்த வயசுல உங்களுக்கு வெட்கமா இல்லை?”

“ஓமோம், பிறகு வந்து நல்லாப் பேசு. இப்ப உள்ளுக்கை போ பிள்ளை!”

அவள் அழுதபடி உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து உடுப்புகளை அடுக்கினாள். படிப்பும் வேண்டாம், இந்த ஊரும் வேண்டாம்; அடுத்த கப்பலுக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்தாள். அவள் சொன்னதைக் கேட்டு, நியாயம் கேட்கப் போன உதயகலா முகம் வெளிறித் திரும்பி வந்தாள்.

“ஓட்டோவுக்குச் சொல்லிப்போட்டு வாறன். அண்ணைக்கு ஊசி போடவேணும். கையெல்லாம் ரத்தம்.”

“நான் அவரைத் தொடக்கூட இல்லையே அக்கா!”

“நீர் இல்லைப் பிள்ளை. ராவைக்குத்தான் வருவீர் எண்டு நம்பி, அவிழ்த்து விட்டிட்டுக் குளிக்கப் போனவராம்.” உதயகலா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். “எங்களுக்கெல்லாம் பழக்கம், புது ஆக்களெண்டால்தான் பாயிறது. உமக்குத் தெரியும் எண்டெல்லோ நான் இருந்தனான்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவர்?”

“சொன்னால் நீர் பயந்து வேறை வீடு பார்த்துப் போடுவீராம், என்ரை வாடகை கெட்டுப்போமாம். நாள் முழுக்கக் கட்டிவைக்கவும் அந்தாளுக்கு மனம் வரேல்லை.”

அருள்மதி கையிலிருந்த உடுப்பை மெல்லக் கட்டிலில் வைத்தாள். அதன்பின் பெட்டியின் பக்கம் அவள் போகவேயில்லை.

மறுநாட் காலை கந்தப்பர் கையில் கட்டோடு படலையடியில் நின்றார். அவளைக் கண்டதும் தலையைத் தாழ்த்திக்கொண்டார், ஒன்றும் கேட்கவில்லை. கடந்துபோன அருள்மதி நின்று, திரும்பி வந்து, அவருடைய முகத்தை நேராகப் பார்த்தாள்.

“என்னை மன்னிச்சிடுங்க ஐயா. அஞ்சு மணிக்குத்தான் வருவேன். அதுவரைக்கும் நாயை அவிழ்த்து விடுங்க.”