கடிபடாத இடது கை

“பதினேழாயிரத்து நானூறு, மாப்ள. ஒரு காசு குறையக் கூடாதுன்னு உங்கக்கா சொல்லிட்டா.”

“தரேன் மாமா. முதல்ல சட்டைக் கைய மடிங்க” என்றான் எலுமிச்சைப்புல் எண்ணெய் காய்ச்சும் மைத்துனன்.

கொத்தனார் மடித்துவிட்டார். எதிரே மேசையில் இரண்டு கண்ணாடிக் கூண்டுகள். இரண்டிலும் பட்டினி போட்ட கொசுக்கள். கொசு அண்டாத எண்ணெய் என்று இந்த ஆய்வகம் எழுதிக் கொடுத்தால் சரக்கு முழுவதையும் எடுத்துக்கொள்ள ஒரு கம்பெனி தயார். அந்தப் பணத்தில்தான் கடன் அடைய வேண்டும். கூலி வாங்காமல் கொசுவுக்குக் கை நீட்ட வேறு ஆள் கிடைக்கவில்லை.

“அக்கா ரொம்பக் கோவமா, மாமா?”

“பகலெல்லாம் கரிச்சுக் கொட்டுறா. ராத்திரியானா பிள்ளைங்களோட வந்து என்னை ஒட்டிக்கிட்டுப் படுக்குறா. கல்யாணமான புதுசுலகூட இப்படி இல்ல. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல.”

ஆய்வகத்து அம்மா கையில் காகிதத்தோடு வந்தார். “எண்ணெயில சிட்ரால் நல்லாவே இருக்கு. அந்த வாசமே அதாலதான். கொசு அதுக்குப் பயப்படுதான்னு பாத்துடலாம். வலது கையில எண்ணெய், இடது வெறும் கை. வெறும் கைய கடிக்கணும், எண்ணெய்க் கைய விடணும். அப்பதான் பாஸ்.”

கொத்தனார் கண்ணை இறுக மூடிக்கொண்டு கூண்டுக்கு ஒன்றாக இரண்டு கைகளையும் விட்டார்.

வலது கைப் பக்கம் ஒரு கொசுவும் வரவில்லை. மைத்துனன் துள்ளிக் குதித்தான்.

இடது கைப் பக்கமும் வரவில்லை. கடன் கொடுத்தவனைக் கண்டது போல எல்லாம் மூலையில் போய் ஒண்டிக்கொண்டன.

“கடிங்கடா!” மைத்துனன் கண்ணாடியைத் தட்டினான். “மாமா, ஏதாச்சும் பண்ணுங்க!”

“நானாடா கடிக்க முடியும்?”

அம்மா சந்தேகத்தோடு தன் விரலை உள்ளே விட்டார். “ஆ!” என்று உடனே இழுத்துக்கொண்டார். “கொசு மேல குத்தமில்ல.” சொறிந்துகொண்டே கொத்தனாரின் இடது கையை முகர்ந்தார். “இதுல என்ன பூசியிருக்கீங்க?”

“சிமெண்டுதாங்க.”

“எலுமிச்சைப்புல் வாசம்ல வருது!”

கொத்தனார் திருதிருவென்று விழித்தார். “கடனக் கேட்டு ரெண்டு மாசமா வேலை முடிஞ்சதும் இவன் கொட்டகைக்குத்தாங்க போறேன். எண்ணெய் காய்ச்சுற அண்டா பக்கத்துல சாக்கப் போட்டு உக்காந்துடுவேன். அந்த ஆவி ஊறிப்போச்சு போல…”

“அப்ப ரெண்டு கைக்கும் வித்தியாசமே இல்ல. சோதனை செல்லாது. வேற ஆளோட வாங்க, கட்டணம் மறுபடி கட்டணும்.”

மைத்துனன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். “கடன் கேட்டுக் கேட்டே கடன் அடையாம பண்ணிட்டீங்களே மாமா! இனி பணத்துக்கு நான் எங்க போவேன்?”

கொத்தனார் தன் இடது கையைத் தானே ஒருமுறை முகர்ந்து பார்த்தார். பிறகு சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

“விடு மாப்ள, கடன் தீந்துச்சு. அந்தச் சாக்க மட்டும் எடுத்துடாத. நாளைக்கும் வருவேன்.”

“என்ன மாமா சொல்றீங்க?”

“உனக்குக் கடனாக் குடுத்தது, வீட்டு ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை அடிக்க உங்கக்கா சேத்து வச்ச பணம்டா.”