மெயின் ஜெட்

வண்டி மறுபடியும் நின்றுவிட்டது.

உதைத்தால் உயிர் வந்தது. ஆக்சிலேட்டரைத் திருகினால் இருமிக்கொண்டே அடங்கியது. சண்முகப்பிரியா இறங்கி அந்தப் பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட்டைத் தள்ள ஆரம்பித்தாள்.

வடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலைக்கு இண்டர்வியூ. போன முறை வேறொரு பள்ளிக்குக் கிளம்பியபோதும் இப்படித்தான் நின்றது. அதற்கு முந்தைய முறையும்.

கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்ததிலிருந்து குவார்ட்டர்ஸ், கடைத்தெரு, மறுபடி குவார்ட்டர்ஸ். எந்த பிளாக்குக்குள் போனாலும் ஒரே மாதிரி வீடுகள். நடந்துகொண்டே இருந்தாலும் நின்ற இடத்திலேயே நிற்பதுபோலச் சில நாள் மூச்சு முட்டும்.

புருஷன் சிவசங்கர் பாவம். சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து வந்த களைப்பிலும் கார்புரேட்டரைக் கழற்றித் துடைப்பான். இன்றைக்கும் விடியலில் துடைத்து மாட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனான்.

நல்லவேளை, சீக்கிரமே கிளம்பியிருந்தாள்.

சாலையோர மெக்கானிக் சாமிக்கண்ணு கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் ஏறும் பித்தளை மெயின் ஜெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“தொடப்பக்குச்சி நுனி உள்ள மாட்டிக்கினு இருக்கும்மா. யாரோ குத்தி சுத்தம் பண்ணியிருக்காங்க, ஒடிஞ்சிபோச்சி. ஜெட்டும் மழுங்கிப்போய் கழட்ட வரல. வேற கார்புரேட்டர்தான் போடணும்.”

“எங்க வீட்டுக்காரர்தாண்ணே. அவருக்கு இதெல்லாம் சரியா தெரியாது” என்று சிரித்தாள்.

புதுசை மாட்டி உதைத்தார். புகை கக்கியது. அவரே ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிக் காட்டினார். சத்தம் அடங்கவில்லை.

வடலூர் வரைக்கும் எங்கேயும் நிற்கவில்லை. எதிர்க்காற்றில் அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. துடைத்துக்கொள்ளக்கூட வேகத்தைக் குறைக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அவனுக்குப் போன் செய்தாள். சந்தோஷப்படுவான்.

“என்னங்க, வடலூர் வந்து சேந்துட்டேன்.”

சுரங்கத்துக் கன்வேயர் பெல்ட்டின் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் கேட்டது.

“எதுல வந்த?” என்றான்.

சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள்.

வழியில் வண்டி நின்றதை அவனிடம் அவள் இன்னும் சொல்லவே இல்லை.

உள்ளறையிலிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

“வண்டியிலதான்” என்றாள். போனை அணைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.