விரல் படாத உருண்டை

உக்குவளைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகை வாசலில், உச்சி வெயிலில், சிட்டம்மா ஓலைப்பெட்டியை அணைத்தபடி நிற்கிறாள். நிறுத்த கையோடு கங்காணி கொழுந்து பறிக்கும் பெண்களை மறுபடி மலைக்கு விரட்டிவிடுவார். கை கழுவவும் நேரமில்லை. நேற்று அவள் விற்ற அவித்த பயறு, கொழுந்துக் கறை ஏறிய விரல்கள் பட்டுக் கசந்து, பாதி மண்ணில் கிடந்தது. இன்று பயறைக் கருப்பட்டியோடு உருட்டி, ஒவ்வொன்றாக வாழையிலையில் சுற்றியிருக்கிறாள். இதுவும் விற்காவிட்டால் நாளைக்கு அவிக்கப் பயறில்லை. வரிசையில் முதலாவதாக வந்த வெள்ளையம்மா கூடையை இறக்கிவிட்டு, இலையைப் பிடித்தபடியே உருண்டையைக் கடிக்கிறாள். "அடியே, கசக்கலடி!" என்று வரிசையைப் பார்த்துக் கூவுகிறாள். பெட்டியை மொய்த்த கறுத்த விரல்கள் விலகும்போது ஒற்றை உருண்டை மிஞ்சுகிறது. வெள்ளையம்மா அதை இலையோடு சிட்டம்மாவின் வாயருகே நீட்டுகிறாள். "எங்க கையப் பாத்து ஆக்குன ஆளு நீங்க ஒருத்தங்கதான்க்கா. வாயத் தொறங்க."