ரெனால்ட் சாரின் ரிமோட் சாவி

"சாவியைக் காணோம்!"

ரெனால்ட் சார் சட்டைப் பையைத் தட்டினார். பேன்ட் பையைத் தட்டினார். அவசரத்தில் பக்கத்தில் நின்றவரின் சட்டைப் பையையும் ஒரு தட்டு தட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஆம்பூர் கோயிலிலிருந்து சபையார் வெளியே வந்துகொண்டிருந்த நேரம். அவருடைய புதுக் கார் வேப்பமரத்தடியில் பளபளவென்று நின்றது. வாங்கிப் பத்து நாள்தான் ஆகிறது.

ரெனால்ட் சார் ஷூ கம்பெனி மேனேஜர். சபைக் கமிட்டியிலும் பெரிய ஆள். 2003-ல் சபையிலேயே பட்டனை அமுக்கினால் 'பீக் பீக்' என்று கத்தும் கார் அது ஒன்றுதான். இந்தப் பத்து நாளில் அந்தச் சத்தத்தைக் கேட்காத காது ஊரில் பாக்கி இல்லை.

"பன்னண்டரைக்கு ஜோலார்பேட்டையில ட்ரெயின்! ஃபீபி கொழந்தையோட வந்து எறங்கிடுவா!"

மகள் ஃபீபி கோயமுத்தூரில் நர்ஸ். பிரசவமும் அங்கேயே ஆயிற்று. மனைவி பிரிஸ்கில்லா மட்டும் போய் இருந்துவிட்டு வந்தார். எக்ஸ்போர்ட் ஆர்டர் கழுத்தைப் பிடித்ததில் ரெனால்ட் சாரால் நகர முடியவில்லை. நாற்பது நாளாகிறது, முதல் பேத்தியின் முகத்தை மனுஷன் இன்னும் பார்க்கவில்லை. பாவம்தான்.

"ஒரு ஆட்டோ பிடிச்சிப் போலாம் வாங்களேன்" என்றார் பிரிஸ்கில்லா.

"இன்னா பேசற நீ? கொழந்தைக்குன்னே வாங்குன காரு! மெத்தை, ஃபிளாஸ்க், கிலுகிலுப்பை எல்லாம் உள்ள கெடக்குது!"

"இன்னொரு சாவி குடுத்தாங்களே?"

ரெனால்ட் சாரின் குரல் இறங்கியது. "தனித்தனியா இருந்தா தொலைஞ்சிடும்னு ரெண்டையும் ஒரே வளையத்துல மாட்டி வச்சேன்."

பிரிஸ்கில்லா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கோயில் வாசல் என்பதால் விழுங்கிக்கொண்டார்.

சபையே தேடலில் இறங்கியது. பாடகர் குழு மொத்தமும் வெள்ளை அங்கியோடு மண்டியிட்டுக் காருக்கு அடியில் எட்டிப் பார்த்தது. ஜெபத்தில்கூட அவர்கள் அவ்வளவு நேரம் மண்டியிட்டு யாரும் பார்த்ததில்லை. பெரியவர் ஒருவர் காரின் பானெட் மேல் கை வைத்து ஜெபிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

"வாசலைக் கூட்டறது இன்பம்தானே? அவளைக் கேளுங்க" என்று கூட்டத்தில் ஒரு குரல் கிளம்பியது.

கூட்டிப் பெருக்குவது, மணியடிப்பது, காணிக்கைப் பையை வரிசை வரிசையாக நீட்டுவது எல்லாமே இன்பம் அக்காதான். பதினாறு வருடமாகக் கோயிலே கதி. பின்னறையில் வேலையாக இருந்தவர், சத்தம் கேட்டு வெளியே வந்தார். நடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விறுவிறுவென்று உள்ளே போனார்.

திரும்பி வந்தவர் நேராகப் படியோரத்துக் குரோட்டன்ஸ் தொட்டிகளிடம் போய்க் குனிந்தார்.

"சார், இதோ!"

சாவி வளையத்தில் கம்பெனியில் தைத்த குட்டித் தோல் ஷூ ஆடியது. ஆளாளுக்குக் கைதட்டினார்கள். ரெனால்ட் சார் சாவிக்கு ஒரு முத்தமே கொடுத்தார். அப்புறம்தான் அவர் நெற்றி சுருங்கியது.

"அந்தத் தொட்டியை நானே மூணு தடவை பாத்தேனே!"

"நாங்களும் பாத்தோம்" என்றது பாடகர் குழு.

கைதட்டல் நின்றது. எல்லோரும் இன்பம் அக்காவைப் பார்த்தார்கள்.

"எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லிடு இன்பம். பேத்தி வர்ற நாளு, ஒண்ணும் பண்ண மாட்டேன்."

இன்பம் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "கூட்டறப்போ கீழ கெடந்துச்சு சார். எடுத்து வச்சிட்டு மறந்துட்டேன். தப்பு என் மேலதான்."

"மறந்துட்டியா? நான் இங்க பேஜாராயி நிக்கறேன், மறந்துட்டேன்றியே! கமிட்டியில பேசிக்கறேன். இந்த வேலை உனக்கு ஒத்து வராது."

"பேசிக்குங்க சார். மொதல்ல கெளம்புங்க, கொழந்தை வெயில்ல காத்துகினு இருக்கும்."

பீக் பீக்!

பிரிஸ்கில்லா ஏறி உட்காருவதற்குள் கார் நகர்ந்துவிட்டது. மொத்தச் சபையும் சிரித்துக்கொண்டே கையசைத்து வழியனுப்பியது. கோபம், அவசரம் எல்லாம் போய் ரெனால்ட் சார் முகத்தில் தாத்தாக் களை வந்திருந்தது.

கூட்டம் கலைந்ததும் பாஸ்டர் பின்னறைக்கு வந்தார்.

"இன்பம், நீ எடுத்து வச்சேங்கிறதை என்னால நம்ப முடியலை. உண்மையைச் சொல்லு."

"காணிக்கைப் பையில கெடந்துச்சுங்கய்யா."

"பையிலயா? சாவியைக் கையில வச்சிக்கிட்டே காணிக்கை போட்டிருப்பாரு, நழுவி விழுந்திருக்கும். அதைச் சொல்ல வேண்டியதுதானே? அநியாயமா வேலைக்கே வேட்டு வச்சிக்கிட்டியே!"

இன்பம் அக்கா சிவப்பு வெல்வெட் பையை மடித்து அலமாரியில் வைத்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது.

"எல்லார் காணிக்கையும் கொட்டி முடிச்சப்புறம்தான் சார் உள்ளயே வந்தாரு. வந்ததும் நாலு பேரு பாக்கக் கைதட்டி என்னைக் கூப்ட்டாரு. காலிப் பையை எடுத்துனு போயி நீட்டினேன். அவரு ஒருத்தர்தான் அதுல கை வுட்டாரு."

"சரி, அதனால என்ன?"

"பேத்தி வர்ற நாளும் அதுவுமா, உள்ள சாவி மட்டும்தான் இருந்துச்சுன்னு எப்படிங்கய்யா சொல்றது?"