பண்ணைக் கொட்டகையும் ஸ்டேஷன் மாஸ்டரும்

“அதோ, அந்த மரத்துக்குப் பின்னாடி ஒரு மாட்டுக் கொட்டகை. குடிச்சவன் மாதிரி ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது. வேணுமாங்க?”

“விடுவேனா? ஓரமா நிறுத்து” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். ரிடையரான பிறகும் ஊர் அவரை அப்படித்தான் கூப்பிட்டது.

அவர் மனைவி காரை மண் பாதையில் இறக்கி நிறுத்தினாள். எப்போதோ ரிவர்ஸ் எடுக்கும்போது வீட்டுச் சுவரை இடித்ததிலிருந்து கார் சாவியையே தொடாதவள் அவள்.

தொட வைத்தவர் அவர்தான். ஓய்வு பெற்றதும் மனுஷர் அப்படியே ஒடுங்கிப்போனார். பேப்பர் படிப்பதில்லை. டிவி பக்கம் திரும்புவதில்லை. கார் ஓட்டவும் பிடிக்கவில்லையாம். எதைக் கேட்டாலும் “அதுல என்ன இருக்கு” என்பார். இப்படியே போனால் ஆள் படுத்துவிடுவாரோ என்று அவளுக்கு ஒரே கவலை. அப்படிப்பட்டவர் போன வாரம் திடீரென்று, “பழைய பண்ணைக் கட்டடமா தேடிப் போய் போட்டோ எடுக்கணும். ஆனா ஓட்டறது யாரு?” என்று கேட்டதும், பயத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு சாவியை எடுத்துவிட்டாள்.

“வெயில் எங்க விழுது?” என்றபடி கேமராவோடு இறங்கினார்.

“இடது பக்கச் சுவத்துல. செங்கல் பேந்து வைக்கோல் பிதுங்குது பாருங்க. கன்னுக்குட்டி வேற எட்டிப் பாக்குது.”

“ஆமாமா, பிரமாதம்.” கேமராவை இரண்டு தரம் அமுக்கினார்.

பால் வாளியோடு வந்த பண்ணைக்காரர் சிரித்துவிட்டார். “இதையா படம் எடுக்கறீங்க? நான் இடிச்சுத் தள்ளலாம்னு இருக்கேன்.”

“கொஞ்ச நாள் பொறுங்கண்ணே. எங்க வீட்டுக்காரர் முகத்துல இப்பதான் சிரிப்பே வந்திருக்கு” என்றாள் அவள்.

திரும்பும்போது மெயின் ரோட்டில் முன்னால் ஒரு லாரி ஆமை வேகத்தில் ஊர்ந்தது.

“இதைத் தாண்ட எனக்குப் பயமா இருக்குங்க.”

“அவசரமில்ல. உனக்கு எப்பத் தோணுதோ அப்பப் போ.”

அவள் கொஞ்ச தூரம் பின்னாலேயே போனாள். எதிரில் ரோடு காலியானதும் ஹாரன் அடித்துத் தாண்டிவிட்டாள். தாண்டிய பிறகுதான் மூச்சே வந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவளுக்குக் கண் கலங்கியது.

வீட்டுக்கு வந்த கையோடு மகளுக்குப் போன் போட்டாள். “உங்கப்பா பழையபடி ஆயிட்டார்டி. இனி எனக்குக் கவலையே இல்ல. இந்தா, அவர்கிட்டயே பேசு.”

அவள் முகம் கழுவப் போனதும் அவர் குரலைத் தாழ்த்தினார். “அம்மா இன்னைக்கு லாரியையே தாண்டிட்டாம்மா. முன்னாடியே விஷயத்தைச் சொல்லியிருந்தா பயந்துபோய் உக்காந்திருப்பா. ராத்திரி சாப்பிடும்போது சொல்லிடறேன். நீ ஆஸ்பத்திரியில நாள் கேட்டுடு. அவளே என்னை ஓட்டிட்டுப் போயிடுவா.”

“அப்பாடா. சரி, படமெல்லாம் எப்படிப்பா வந்திருக்கு?”

“எனக்கென்னம்மா தெரியும்? அவ சொன்ன பக்கமெல்லாம் திரும்பி அமுக்கினேன். கண்ணு ரெண்டுலயும் புரையை வச்சுக்கிட்டு, ஒரு கொட்டகையாவது எனக்குத் தெரிஞ்சாத்தானே?”