பேரனுக்கென்று ஒரு தேக்கு பீரோ

பேரன் பேத்தி காலம்வரை நிற்கிற மாதிரி ஒரு மரச்சாமான் பார்த்துவிட வேண்டும் என்று சோணையன் என்ற கரையானுக்கு ஆசை வந்தது. பெண்டாட்டி பேச்சியையும் கூட்டிக்கொண்டு ஒரு வீட்டுக்குள் நுழைந்தான். நாற்காலியை முகர்ந்து பார்த்தான். "பிளைவுட். ஒரு மழைக்குத் தாங்காது" என்று பெரிய மனுஷன் மாதிரி உதட்டைப் பிதுக்கினான்.

கூடத்து மூலையில் தேக்கு பீரோ நின்றது. வீட்டுக்காரர் அதைத் தன் பேரனுக்கென்று போர்வை போட்டு மூடி, ஒருத்தரையும் தொடவிடாமல் வைத்திருந்தார்.

"பார்த்தியா, இதுதான் நம்ம பரம்பரைச் சொத்து!" என்றான் சோணையன்.

பேச்சி ஆசையாக வாயை வைத்தாள்.

"ஏய், தொடாதே! அது பேரப்பிள்ளைகளுக்கு."

"அப்போ நமக்கு என்னங்க?"

"அடியில விரிச்ச பேப்பர் இருக்கே, அதைத் தின்னு."

பேப்பர் தின்றே குடும்பம் பெருகியது. எந்தப் பிள்ளையாவது பீரோ பக்கம் போனால் சோணையன் முட்டித் தள்ளுவான்.

வீட்டுக்காரரின் பேரன் வளர்ந்து ஆளானான். தன் ஃபிளாட் வாசலில் பீரோ நுழையாது என்று பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட்டான். அவர் மரத்தைத் தட்டிப் பார்த்து அசந்துபோனார்.

"இத்தனை வருஷத்துல ஒரு கரையான்கூட வரலையே, தம்பி!"

"வந்தேன்யா" என்று வெறுந்தரையில் நின்று முனகினான் சோணையன். "வந்து காவல்தான் காத்தேன்."